ஜெயில் வாடகைக்குக் கிடைக்குமா? திருச்சி, நாகை, யாழ்ப்பாணம் வழியா ஒரு கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி கேட்டவுடனே கொஞ்சம் விளையாட்டா தோணும். வீட்டுல விருந்தாளி அதிகமானா பக்கத்து வீட்டுல ரெண்டு பாய் கேட்டு வாங்குவோம் இல்லையா? அதே மாதிரி ஒரு நாட்டுல ஜெயில் நிரம்பிடுச்சுன்னா, இன்னொரு நாட்டு ஜெயில்ல ரூம் வாடகைக்கு எடுத்து கைதிகளை அங்க அனுப்பிடலாமா?

விளையாட்டு இல்லை, நிஜமாவே நடக்குது. பெல்ஜியம் 2010-லிருந்து 2016 வரைக்கும் நெதர்லாந்தின் தில்பர்க் நகரச் சிறையை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தது. 2015-ல் நார்வே அதே நெதர்லாந்தில் நார்கர்ஹேவன் என்ற சிறையை எடுத்தது. 242 இடம், மூன்று வருஷம். டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போய் கொசோவோ நாட்டில் 300 அறைகளை பத்து வருஷத்துக்குப் பேசி முடித்தது. மொத்தம் 21 கோடி யூரோ. 2025 ஜூனில் ஸ்வீடன் எஸ்டோனியாவோடு கையெழுத்து போட்டது. தார்த்து நகரச் சிறையில் 600 பேர் வரைக்கும் வைக்கலாம், ஒரு கைதிக்கு மாதம் 8,500 யூரோ. நம்ம காசுக்கு எட்டு லட்சத்துக்கு மேல. சென்னையில ஐ.டி.யில் நல்ல சம்பளம் வாங்குறவங்களுக்கே இதைக் கேட்டா கொஞ்சம் வயிறு எரியும்.

பிரிட்டனும் ஆசைப்பட்டது. 2023 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில் அன்றைய நீதித்துறை அமைச்சர் அலெக்ஸ் சாக் இதை அறிவித்தார். நடக்கவில்லை. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. புது அரசு வேற வழி எடுத்தது: பல கைதிகளை தண்டனைக் காலத்தின் 40 சதவீதம் முடிந்ததுமே வெளியே விட ஆரம்பித்தார்கள்.

சரி, ஐரோப்பாவுல ஏதோ பண்றாங்க, நமக்கு என்ன? நமக்கு நிறைய இருக்கு. இந்த ஐடியாவுக்கு முதல் காப்பிரைட் யாருக்காவது கொடுக்கணும்னா பிரிட்டிஷ்காரனுக்குத்தான் கொடுக்கணும். அதில் கடத்தப்பட்டவங்க நம்ம ஆட்கள். கொண்டுவந்து அடைக்கப்பட்ட இடங்களில் ஒண்ணு நம்ம திருச்சி.

தீவாந்தரம்

நம்ம தாத்தா பாட்டி காலத்துல 'தீவாந்தர தண்டனை'ன்னு ஒரு வார்த்தை புழக்கத்தில் இருந்தது. கடல் தாண்டி ஒரு தீவுக்கு அனுப்பிவிடுவது. எல்லாரும் அந்தமானைத்தான் நினைப்போம். ஆனா அந்தமான் தண்டனைக் குடியிருப்பு ஆரம்பித்ததே 1858-ல். அதுக்கு எழுபது வருஷம் முன்னாடியே கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. சுமத்ராவின் பென்கூலன், பிறகு பினாங்கு, மொரீஷியஸ், 1825-லிருந்து சிங்கப்பூர்.

மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கதை தெரியும். அதுக்குப் பிறகு 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கும் மேற்பட்ட மற்றவர்களையும் கப்பலேற்றி பினாங்குக்கு அனுப்பினாங்க. காரணம் இடநெருக்கடி இல்லை, பயம். ஊர்ல வைத்திருந்தா யாராவது வந்து மீட்டுவிடுவாங்க, இல்லைன்னா அவங்க பேரைச் சொல்லி இன்னொரு கலகம் கிளம்பும்.

சிங்கப்பூர்ல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல், இன்றைக்கு ஜனாதிபதி மாளிகையா இருக்கிற இஸ்தானா, இதெல்லாம் கட்டினதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கு. வங்காளத்திலிருந்தும் மதராஸ் மாகாணத்திலிருந்தும் போனவர்கள். அடுத்த தடவை சிங்கப்பூர் போய் செல்ஃபி எடுக்கும்போது ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு கட்டத்தில் சிங்கப்பூர், பினாங்கு வியாபாரிகளே 'இந்தியாவின் குப்பையை எங்க ஊர்ல கொட்டாதீங்க' என்கிற ரீதியில் எதிர்ப்பு கிளப்பினார்கள். 1873-ல் சிங்கப்பூர் கைதிச் சிறை மூடப்பட்டது. ஆட்களை வாங்கிக்கிற ஊருக்கும் ஒரு கருத்து இருக்கும்ங்கறதை இன்னைக்கு டென்மார்க்-கொசோவோ பேச்சில் பல பேர் மறந்துடறாங்க.

இப்ப திருச்சி. 1899-லிருந்து 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தது. பிரிட்டிஷ் படை பிடித்த போயர் கைதிகளை அங்கேயே வைத்திருக்க இடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தப்பிச்சா மறுநாளே துப்பாக்கி எடுத்துக்கிட்டு சண்டைக்கு வந்துடுவாங்க. அதனால 20,000-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றினாங்க. செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கையில் தியத்தலாவை, இந்தியாவில் பல முகாம்கள். அந்த இந்திய முகாம் பட்டியலில் 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பெயர் இருக்கு. டிரான்ஸ்வாலில் மக்காச்சோளம் விதைத்துக்கிட்டிருந்த விவசாயி ஒருத்தன், காவிரிக் கரையில் சித்திரை வெயில்ல உட்கார்ந்து என்ன நினைச்சிருப்பான்?

ஒரு சின்ன பக்கவாட்டுக் கதை. ஜெயில் நிரம்பி வழியறது அரசாங்கத்துக்குத் தலைவலின்னு நம்ம ஊர் அரசியலுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் 'சிறை நிரப்பும் போராட்டம்'னே ஒரு போராட்ட வகை வச்சிருக்கோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் தஞ்சை மாவட்டத்தின் குறுக்கே நடந்து போய் உப்பெடுத்தார். கலெக்டர் தோர்ன், தொண்டர்களுக்குச் சாப்பாடு போட்டா தண்டனைன்னு மிரட்டினார். எத்தனை பேரைத்தான் பிடித்து அடைப்பது? அந்த இயக்கக் காலத்தில் நம்ம ஊர் ஆட்கள் பலர் பெல்லாரி பக்கம் அலிபுரம் சிறைவரை அனுப்பப்பட்டாங்க. இன்னைக்கும் டெல்டாவில் தண்ணிக்காக விவசாய சங்கம் சிறை நிரப்பும் போராட்டம் நடத்தும். காலையில் கைது, மதியம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துல சாப்பாடு, சாயங்காலம் விடுதலை. நிஜமா ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனா எங்க வைக்கிறது?

யார் உள்ள இருக்காங்க?

இப்ப நம்பர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கலாம். இந்தியச் சிறைகளில் இருக்கிற மொத்த இடம் 4,36,266. உள்ளே இருந்தவர்கள் 5,73,220. அதாவது 100 பேர் படுக்கிற இடத்தில் 131 பேர். இது நாடு முழுக்க சராசரி. உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் மாதிரி இடங்களில் இது 180-ஐ ஒட்டி இருந்தது.

இதுவரைக்கும் செய்தியில் வரும். அடுத்த நம்பரைக் கவனிங்க. உள்ளே இருந்த அந்த ஐந்தே முக்கால் லட்சம் பேரில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நீதிமன்றம் இன்னும் குற்றவாளின்னு சொல்லாதவங்க.

மொத்த இடம் 4,36,266. விசாரணைக் கைதிகள் 4,34,302. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நாட்டில் இருக்கிற எல்லா ஜெயில் இடத்தையும் தீர்ப்பு வராதவங்களே கிட்டத்தட்ட முழுசா அடைச்சிட்டிருக்காங்க. தண்டனை கிடைச்சவங்கதான் 'எக்ஸ்ட்ரா' ஆள் மாதிரி ஆயிட்டாங்க. ஜெயில் எதுக்குக் கட்டினோமோ அந்தக் கணக்கே தலைகீழ்.

இங்கேதான் வாடகை ஜெயில் ஐடியா நமக்கு முறிஞ்சு விழுது. ஸ்வீடனும் நார்வேயும் அனுப்புறது தண்டனைக் கைதிகளை. கேஸ் முடிஞ்சிருக்கும், தேதி தெரிஞ்சிருக்கும். விசாரணைக் கைதியை எப்படி அனுப்புவீங்க? அவருக்கு வாய்தா இருக்கு. வக்கீலைப் பார்க்கணும். சாட்சி சொல்லும்போது கோர்ட்ல இருக்கணும். 'வீடியோ கான்ஃபரன்ஸ்ல பண்ணிக்கலாமே'ன்னு கேட்பீங்க. ரிமாண்ட் நீட்டிப்புக்கு அது பரவாயில்லை. தன் வக்கீல் காதுல 'அந்த ஆள் பொய் சொல்றான்'னு கிசுகிசுக்கிற வசதி ஸ்கிரீன்ல கிடையாது.

அப்ப தமிழ்நாடு? இது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும். மாநிலத்தின் மொத்தக் கணக்கில் நம்ம சிறைகள் கொள்ளளவுக்குக் கீழேதான் இருக்கு. சராசரிங்கறதால எல்லா மத்திய சிறையும் காத்தாட இருக்குன்னு அர்த்தம் இல்லை. ஆனா உ.பி. நிலைமை இங்க கிடையாது. அதுக்காகக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். வேறொரு பட்டியலில் நாம முதலிடம். 1982-ம் வருஷ குண்டர் சட்டம் மாதிரி தடுப்புக் காவல் சட்டங்களில் அடைக்கப்பட்டவங்க அதே 2022 கணக்கில் நாட்டில் ஏறக்குறைய பாதி பேர் தமிழ்நாட்டில்தான். விசாரணையே இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் வைக்கிற சட்டம் அது.

சரி, உத்தரப் பிரதேசத்தில் இடமில்லை, தமிழ்நாட்டில் இருக்கு. வெளிநாடு எதுக்கு, அங்கிருந்து இங்க அனுப்பலாமே? இதுக்கு அரசியல் சட்டத்துலயே கதவு திறந்து வச்சிருக்காங்க. ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், நாலாவது பதிவு. சிறைகள் மாநிலத்தின் பொறுப்புன்னு சொல்ற அதே வரியில், சிறைகளைப் பயன்படுத்திக்கொள்ள மற்ற மாநிலங்களோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம்னும் இருக்கு. 1950-ல் கைதிகள் மாற்றச் சட்டமும் வந்தாச்சு. அந்த மாநில அரசு சம்மதிச்சா போதும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா 2019 ஆகஸ்டுக்குப் போங்க. காஷ்மீரில் தடுப்புக் காவலில் எடுத்த பலரை ஆக்ரா மாதிரி உ.பி. சிறைகளுக்குக் கொண்டுபோனாங்க. ஸ்ரீநகர் பக்கம் ஒரு கிராமத்து அம்மா ஆக்ரா வந்து பையனைப் பார்க்கணும்னா எத்தனை நாள் பயணம், எவ்வளவு செலவு, எந்த மொழியில் வழி கேட்பாங்க?

சுனில் பத்ரா வழக்குன்னு ஒண்ணு, சட்டம் படிக்கிறவங்களுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் வந்தது. அதில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் சொன்னதன் சாரம் இது: சொந்தபந்தம் வந்து பார்க்க முடியாத தூரத்துச் சிறைக்கு ஒருத்தரை மாத்தறது வெறும் நிர்வாக விஷயம் இல்லை. அது ஒரு கூடுதல் தண்டனை, நீதிமன்றம் அதைக் கவனிக்கணும். ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 2015-ல் வந்தது. 59-வது விதியும் முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுது.

மனு பார்க்கிற நாள்

டெல்டாவுக்கு வருவோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. ஊர் ஊருக்கு கிளைச் சிறைகள் உண்டு. ஆனா மத்திய சிறைன்னா திருச்சிதான். புதுக்கோட்டை ரோட்டில், ஏர்போர்ட் போற வழியில். கொஞ்சம் பெரிய வழக்கு, குண்டர் சட்டம், நீண்ட தண்டனை எதுவா இருந்தாலும் ஆள் அங்க போயிடுவார். பெண்களுக்கான தனிச் சிறையும் திருச்சியில்தான்.

சிறைக்குப் போய் ஆளைப் பார்ப்பதை நம்ம ஊர்ல 'மனு பார்க்கிறது'ன்னு சொல்வாங்க. மனு எழுதிக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்து பார்க்கணும். தஞ்சாவூர்க்காரங்களுக்குப் பரவாயில்லை, ஒன்றரை மணி நேர பஸ். வேதாரண்யம் பக்கம் கோடியக்கரையிலிருந்து கிளம்பினா? ஏறத்தாழ 150 கிலோமீட்டர். விடியறதுக்கு முன்னாடி முதல் பஸ். நாத்து நடவு நேரமா இருந்தா அன்னைக்குக் கூலி போச்சு. பஸ் காசு, மதியச் சாப்பாடு, உள்ளே கேன்டீன் கணக்கில் கட்டக் கொஞ்சம் பணம். சில நிமிஷப் பேச்சு. ராத்திரி வீடு. மாசத்துக்கு ரெண்டு தடவை இதைப் பண்ணினா குறுவை சம்பளத்தில் என்ன மிஞ்சும்?

இப்ப மேப்பை எடுங்க. நிஜமாவே போன்ல திறந்து பாருங்க. கோடியக்கரையிலிருந்து நேர்கோட்டில் திருச்சி சுமார் 130 கிலோமீட்டர். அதே கோடியக்கரையிலிருந்து நேர்கோட்டில் யாழ்ப்பாணம் சுமார் 70 கிலோமீட்டர். யாழ்ப்பாணச் சிறை திருச்சி சிறையைவிடப் பாதி தூரம். அங்கேயும் தமிழ்தான் பேசுறாங்க. அந்தச் சிறையில் இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லாத வருஷம் இல்லை.

வெளிநாட்டுச் சிறைங்கறது ஸ்வீடன்காரங்களுக்கு ஒரு கொள்கை விவாதம். அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் ஆற்காட்டுத்துறைக்கும், ஏன், தஞ்சை மாவட்டத்திலேயே இருக்கிற மல்லிப்பட்டினத்துக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் அது வீட்டு விஷயம். 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, மன்னார் நீதிமன்றங்கள். பதினாலு நாள் காவல், மறுபடி பதினாலு நாள். முதல் தடவைன்னா பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோட அனுப்பிவிடுவாங்க. ரெண்டாவது தடவை பிடிபட்டா, அல்லது படகு ஓட்டினவரா இருந்தா, ஆறு மாசம், அதுக்கு மேலேயும் சிறை. கூடவே பெரிய அபராதம். இழுவை மடியைத் தடை செய்து 2017-லும், வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தை ஏகத்துக்கும் ஏத்தி 2018-லும் இலங்கை சட்டம் கொண்டுவந்தது. இழுவைமடி அடியோட வாரிட்டுப் போறதில் வடக்கு இலங்கை மீனவர்களுக்கும் நியாயமான கோபம் இருக்கு, அதை மறைக்க வேண்டாம். அது தனி எபிசோடு.

இன்னைக்குப் பேச்சு சிறையைப் பத்தி. இலங்கைச் சிறைகள் நம்மைவிட மோசமான நெருக்கடியில் இருக்கு. கொள்ளளவைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல ஆட்கள். 2020 நவம்பர் கடைசியில், கொரோனா காலத்தில், கொழும்பு பக்கத்து மகர சிறையில் கலவரம் வெடிச்சு 11 பேர் இறந்தாங்க. அந்த மாதிரி ஒரு அமைப்புக்குள்ளதான் நம்ம மீனவரும் போறார்.

வீட்டுக்காரம்மா போய்ப் பார்க்க முடியுமா? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டாங்க. நின்னு போய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பிச்சது. நாலு மணி நேரப் பயணம்தான். ஆனா பாஸ்போர்ட் வேணும். டிக்கெட் வேணும். அங்க தங்க இடம், சிறை அனுமதி, வக்கீல். எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற மனுஷனைப் பத்தி, கொழும்பிலிருக்கிற தூதரகமோ யாழ்ப்பாணத்திலிருக்கிற துணைத் தூதரகமோ சொன்னாத்தான் தகவல். பல நேரம் அதே படகுல போய் முதல்ல விடுதலையானவர் வந்து சொல்ற செய்திதான் வீட்டுக்கு வரும்.

'கைதிகளைச் சொந்த நாட்டுக்கே மாத்திக்க சட்டம் இருக்கே'ன்னு கேட்கலாம். இருக்கு. கைதிகளைத் தாயகம் அனுப்பும் சட்டம், 2003. இலங்கையோட 2010-ல் ஒப்பந்தமும் போட்டாச்சு. அதன்படி அங்க தண்டனை வாங்கினவர் மிச்ச காலத்தை இங்க வந்து கழிக்கலாம். ஆனா நிபந்தனைகளைப் பாருங்க. தீர்ப்பு இறுதியா இருக்கணும், அப்பீல் நிலுவையில் இருக்கக்கூடாது. குறைந்தது ஆறு மாசம் தண்டனை பாக்கி இருக்கணும். ரெண்டு நாடும் சம்மதிக்கணும். கைதியும் சம்மதிக்கணும்.

ஆறு மாசத் தண்டனை வாங்கின மீனவருக்கு இதில் என்ன பிரயோஜனம்? ஃபைல் டெல்லி போய்ச் சேர்றதுக்குள்ள அவர் விடுதலையாகி மறுபடி கடலுக்குப் போயிருப்பார். ரிமாண்டில் இருக்கிறவருக்கு சுத்தமா பொருந்தாது. வளைகுடாவுக்கும் இதே கதை. வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 10,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெளிநாட்டுச் சிறைகளில் இருக்காங்க, பெரும் பங்கு வளைகுடாவில். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் அங்க வேலை பார்க்கிறார்னு சொல்லத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்க. இந்த 2003 சட்டத்துல கைதியின் சம்மதம் கட்டாயம். சொந்த ஊருக்குத் திரும்பி வர்றதுக்கே சம்மதம் கேட்கணும்னு சட்டம் சொல்லுது. சொந்த நாட்டை விட்டு வெளியே அனுப்ப, டென்மார்க் மாடலில், சம்மதம் கேட்கறதே இல்லை. அந்த ஒப்பந்தம் தண்டனை முடிஞ்சதும் நாடு கடத்தப்படவேண்டிய வெளிநாட்டவருக்கு மட்டும்தான். 'எப்படியும் போகப்போறவங்கதானே'ங்கறது அவங்க வாதம்.

எதிர்த்தரப்புக்கும் நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். நார்வேயிலிருந்து நெதர்லாந்து போன நீண்டகாலக் கைதிகள் பலர் முதலில் விரும்பித்தான் போனாங்க. பெரிய மைதானம், வெளியே நடமாட அதிக நேரம், கொஞ்சம் நிம்மதி. வீட்டிலிருந்து யாருமே வராத ஒரு கைதிக்கு தூரம் பெரிய இழப்பு இல்லை. முறை வச்சுத் தூங்கற பாரக்கில் இருக்கிறவரைக் கேட்டா 'எங்க வேணா அனுப்புங்க, காலை நீட்டிப் படுத்தா போதும்'னு சொல்லக்கூடும். அந்தக் குரலை வெளியே இருக்கிற நாம தட்டிவிட முடியாது. ஆனா ஆளைப் பிடிச்சு அனுப்ப ஆரம்பிச்சதும் கதை மாறிச்சு. நார்வே சட்டம், டச்சு காவலர்கள். ஏதாவது தப்பு நடந்தா யார் பொறுப்புங்கறதை நார்வேயின் சொந்த குறைதீர்ப்பாளரே கேள்வி கேட்டார். 2018-ல் ஒப்பந்தத்தை நீட்டிக்கலை. இன்னைக்கு ஜெயில் காலியா இருக்குன்னு வாடகைக்கு விட்ட நெதர்லாந்திலேயே ஊழியர் பற்றாக்குறையால் இடம் பத்தலை.

நாமும் வெளிநாட்டவரை வச்சிருக்கோம்ங்கறதை மறக்கக்கூடாது. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே ஒரு 'சிறப்பு முகாம்' இருக்கு. வெளிநாட்டவர் சட்டத்தின்படி அது சிறை இல்லை, முகாம். ஜாமீன் கிடைத்தாலும், தண்டனை முடிந்தாலும், வெளிநாட்டவர் அங்க வைக்கப்படலாம். ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த இலங்கைத் தமிழர் நால்வர் சிறையிலிருந்து போன இடம் இதுதான். அதில் சாந்தன் ஊர் திரும்பாமலேயே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் ஏப்ரலில் இலங்கை போனாங்க. விடுதலைக்குப் பிறகு பதினாறு மாசத்துக்கு மேல ஒரு முகாமில். அந்த நாலு பேர் பத்தி உங்க கருத்து என்னவா வேணா இருக்கட்டும். விடுதலைன்னு தீர்ப்பு வந்தபிறகும் ஒருத்தர் சிறை வளாகத்துக்குள்ள இருந்தார்ங்கறதை எந்தக் கணக்கில் எழுதறது?

சாவி எங்க இருக்கு

2022 அரசியல் சட்ட நாளில் உச்ச நீதிமன்ற நிகழ்ச்சியில் ஜனாதிபதி திரௌபதி முர்மு, எழுதி வச்சிருந்த உரையை விட்டுட்டு இதைப் பேசினார். ஜெயில் நிரம்பிருச்சு, இன்னும் ஜெயில் கட்டணும்னு சொல்றாங்க, முன்னேறுகிற நாட்டுக்கு ஜெயில் குறையணும் இல்லையா, என்கிற மாதிரி. முன்னால நீதிபதிகள் உட்கார்ந்திருந்தாங்க.

என் கருத்தும் அதுதான். புது ஜெயிலோ வாடகை ஜெயிலோ, வாளிக்கு அடியில் இன்னொரு வாளி வைக்கிற வேலை. குழாய் ஜாமீன்ல இருக்கு.

ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வர முடியாதவங்க இருக்காங்க. காரணம் ஜாமீன்தாரர். ரெண்டு பேர், சொத்து காட்டணும், பெரும்பாலும் வீட்டு வரி ரசீது இல்லைன்னா பட்டா கேட்பாங்க. டெல்டாவில் இது ஒரு விசேஷமான சிக்கல். இங்க நிறைய நிலம் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். தலைமுறை தலைமுறையா கோயில் மனையில் குடியிருக்கிற குடும்பத்துக்குப் பட்டா கிடையாது. நிலமில்லாத விவசாயக் கூலி வீட்டுக்குச் சொத்துன்னு காட்ட என்ன இருக்கு? நாட்டில் விளையற நெல்லுக்குப் பேர் போன ஊர்ல, அந்த நெல்லை நட்ட கைக்கு ஒருத்தரை வெளியே எடுக்க ஒரு துண்டு காகிதம் இல்லை. காசு கொடுத்தா ஜாமீன்தாரர் 'ஏற்பாடு' பண்ற ஆட்கள் கோர்ட் வாசல்ல இருக்கிறதும் ஊரறிஞ்ச ரகசியம்.

1978-ல் மோத்தி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டாங்க. தம்பி சொத்து இன்னொரு மாவட்டத்தில் இருக்குன்னு சொல்லி அதையும் மறுத்தாங்க. கிருஷ்ணய்யர் அந்த உத்தரவை வறுத்தெடுத்தார். ஏழைக்குக் கட்ட முடியாத தொகை கேட்பது ஜாமீன் மறுப்பதுக்குச் சமம்னார். அதுக்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல ஓடிருச்சு.

இப்ப கையில் என்ன இருக்குன்னு சொல்லி முடிச்சுக்கறேன், யாருக்காவது நிஜமாவே தேவைப்படலாம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 479-வது பிரிவு. இதுக்கு முன்னாடி எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூணில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துட்டா, அவரை விடுவிக்கணும். மற்றவங்களுக்குப் பாதி காலம் ஆனா. அதிகபட்சம் தூக்கோ ஆயுளோ உள்ள குற்றத்துக்குப் பொருந்தாது. ஒண்ணுக்கு மேல வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. ஒரே சம்பவத்துக்குப் பல பிரிவு போடற நம்ம ஊர் வழக்கத்தில் இந்தக் கடைசி வரி நிறைய பேரை வெளியே தள்ளிவிடும்ங்கறது நியாயமான விமர்சனம். கோர்ட்டுக்கு எழுதவேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது, குடும்பம் மனு போடற வரைக்கும் அவர் காத்திருக்கக்கூடாது. 2024 ஆகஸ்ட் 23-ல் உச்ச நீதிமன்றம், ஜூலைக்கு முன்னாடி பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும்னு தெளிவாக்கிடுச்சு.

ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளியே வரலைன்னா, சிறை அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு செயலாளருக்குச் சொல்லணும்னு 2023 ஜனவரி 31 உத்தரவு. ஒரு மாசம் ஆகியும் கட்ட முடியலைன்னா நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு நீதிமன்றம் தானாவே பார்க்கலாம். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் ஜாமீன் தொகைக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் பண உதவி கிடைக்கும்.

இலவச சட்ட உதவி எண் 15100. தஞ்சாவூர், நாகை, திருவாரூர் எல்லா மாவட்டத்திலும் ஆணைக்குழு அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கு. பேசும்போது மூணு விவரம் கையில் இருந்தா வேலை சீக்கிரம் நடக்கும்: குற்ற எண்ணும் போலீஸ் ஸ்டேஷனும், முதல்ல ரிமாண்ட் பண்ணின தேதி, போட்டிருக்கிற சட்டப் பிரிவுகள். ரிமாண்ட் தேதிதான் முக்கியம், எல்லா நாள் கணக்கும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். எழுதி வச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடில் இழுவைமடி. பார்க்கலாம்.